தாய்வீட்டில் முதல் பிரசவம், தாய் ஓ நெகட்டிவ்: கணவர் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டியவை என்னென்ன?

தறிச்சத்தம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மனைவிக்கு 31-வது வாரம் நடக்கிறது, முதல் பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் ஆத்தூர் பக்கம் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகிறாள். எனக்குத் திருப்பூரில் வேலை, வாரக் கடைசியில்தான் போய்ப் பார்க்க முடியும். குழந்தை பிறந்த பிறகும் மூன்று மாதம் அங்கேதான்.

விவரம்: அவள் ஓ நெகட்டிவ், நான் பி பாசிட்டிவ். ஹீமோகுளோபின் 10.2. குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை 128. பி.பி. 118/76. பிக்மீ எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்கியாச்சு. நெகட்டிவ் தாய்க்கு 28-வது வாரத்தில் ஓர் ஊசி உண்டு என்று படித்தேன், அட்டையில் அந்தப் பதிவே இல்லை. அதற்கு இப்போது என்ன செய்வது? நான் பக்கத்தில் இல்லாத நாட்களுக்கு அந்த வீட்டில் எதையெல்லாம் தயார் செய்து வைக்க வேண்டும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பிரசவவார்டு

தம்பி, முதல் வேலை ஊசிதான். அதன் பெயர் ஆன்டி-டி, 300 மைக்ரோகிராம், தசையில் போடுவது. 28-வது வாரத்தில் போடுவது வழக்கம். தவறிவிட்டால் விட்டுவிடக் கூடாது, 31-வது வாரத்திலும் போடலாம். அதற்கு முன் ஐ.சி.டி. என்ற ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள். தாயின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏற்கெனவே உருவாகிவிட்டதா என்று அது காட்டும். நெகட்டிவ் என்று வந்தால் ஊசி. பாசிட்டிவ் என்று வந்தால் ஊசியால் பயனில்லை. அப்போது பெரிய மருத்துவமனையில் குழந்தையை நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டியிருக்கும். வளைகாப்பு வரை காத்திருக்காமல் இந்த வாரமே கேளுங்க.

காரணம் இதுதான். நீங்கள் பாசிட்டிவ் என்பதால் குழந்தையும் பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரசவ நேரத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் உடம்பில் கலந்தாலே அதை எதிர்க்கும் பொருள் உருவாகலாம். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அடுத்த குழந்தையின் ரத்தத்தைத்தான் அது அழிக்கும். அதனால் பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் குழந்தையின் வகை பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு இன்னொரு ஊசி. குழந்தையும் நெகட்டிவ் என்றால் அது தேவையில்லை.

நடைமுறையில் தவறுவது எங்கே என்றால், மருந்து கையிருப்பில். இதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் வைத்தால் கெட்டுப்போகும். சின்ன ஊர் மருந்துக்கடையில் இருக்கும் என்று நம்பாதீங்க. பிரசவம் பார்க்கப் போகும் இடத்தில் இருக்கிறதா என்று 36-வது வாரத்தில் ஒருமுறை நேரில் கேளுங்க. இடையில் ரத்தக்கசிவு வந்தாலோ, வயிற்றில் அடிபடும்படி விழுந்தாலோ அந்த 72 மணி நேரக் கணக்கு அப்போதே தொடங்கிவிடும். "லேசாகத்தான் பட்டது" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. அட்டையின் மேல்பக்கத்தில் சிவப்பு மையில் "ஓ நெகட்டிவ்" என்று எழுதி வையுங்க.

குருதிப்பை

ரத்த வங்கிப் பக்கத்தில் இருந்து இரண்டு விஷயம்.

ஓ நெகட்டிவ் தாய்க்கு ஓ நெகட்டிவ் சிவப்பணு மட்டும்தான் ஏற்ற முடியும். உங்கள் பி பாசிட்டிவை அவருக்கு ஏற்ற முடியாது. நம் ஊரில் நெகட்டிவ் வகைக்காரர்கள் குறைவு. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு வந்தால் அலைந்து திரிய நேரம் இருக்காது. ஓ நெகட்டிவ் ஆட்கள் இரண்டு பேரின் எண்ணை இப்போதே வாங்கி வையுங்கள். அவர்கள் கடைசியாக ரத்தம் கொடுத்து ஆணாக இருந்தால் 90 நாள் ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். முன்கூட்டியே எடுத்துச் சேர்த்து வைக்கச் சொல்லாதீர்கள், தேவையில்லாமல் வீணாகும். 36-வது வாரத்தில் அந்த மருத்துவமனையின் ரத்த வங்கியிடம் பிரசவ தேதியைச் சொல்லிவிட்டால் போதும்.

10.2 என்பது ரத்தசோகைதான். கர்ப்பத்தில் 11-க்குக் கீழே போனாலே சோகைக் கணக்கு. கைவசம் 8, 9 வாரம் இருக்கிறது, ஏற்றிவிடலாம். பெரும்பாலும் மாத்திரை வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் அதைச் சாப்பிடும் நேரம். இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் ஏறாது, குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். டீ, காபி முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கூடாது. எலுமிச்சைச் சாற்றோடு இரவு சாப்பாட்டுக்குப் பின் இரும்பு, காலையிலும் மதியமும் உணவோடு கால்சியம் என்று பிரித்துக்கொள்ளலாம். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், அது இயல்புதான். சோகை இருப்பவருக்கு நாளொன்றுக்கு இரண்டு மாத்திரை என்று எழுதிக் கொடுப்பார்கள், உங்கள் அட்டையில் ஒன்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு வாரத்தில் எண் ஏறவில்லை என்றால் நரம்பில் ஏற்றும் இரும்பு மருந்து பற்றிக் கேளுங்கள்.

சர்க்கரை 128 பயமில்லை. 75 கிராம் குளுக்கோஸ், 2 மணி நேரம், 140-ஐத் தொட்டால்தான் கர்ப்பகாலச் சர்க்கரை. சாப்பிட்டிருந்தாலும் பார்த்துவிடலாம் என்ற இந்த முறையை நாட்டில் பரப்பியதில் சென்னை மருத்துவர் வி.சேஷையாவுக்குப் பெரும் பங்கு உண்டு. வெறும் வயிற்றோடு கர்ப்பிணிகளைப் பஸ்ஸில் அலைய விடாத முறை அது.

தறிச்சத்தம்

ரொம்ப நன்றி. ஐ.சி.டி.க்கு நாளைக்கே எழுதி வாங்குகிறேன். ரத்த வகையால் இந்த முதல் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பச்சிளம்பிரிவு

இல்லை சகோ, இங்கேதான் பலரும் தவறாக நிம்மதி அடைகிறார்கள். நெகட்டிவ், பாசிட்டிவ் பொருத்தமின்மை முதல் குழந்தையைப் பெரும்பாலும் தொடாது, சரி. ஆனால் உங்கள் இருவருக்கும் இன்னொரு பொருத்தமின்மை இருக்கிறது. தாய் ஓ, தந்தை பி. குழந்தை பி வகையாகப் பிறந்தால், ஓ வகைத் தாயிடம் இயல்பாகவே இருக்கும் எதிர்ப்பொருள் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கலாம். இது முதல் குழந்தையிலேயே வரும். ஆன்டி-டி ஊசி இதைத் தடுக்காது. பெரும்பாலும் மிதமான மஞ்சள் காமாலையோடு நின்றுவிடும், சில குழந்தைகளுக்கு வேகமாக ஏறும். அதனால் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் காமாலையைக் கவனியுங்கள்.

நேரக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது அவசரம், மருத்துவமனையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்குச் சாதாரணக் காமாலை 3 முதல் 5-வது நாளில் உச்சத்துக்கு வரும். சுகப்பிரசவம் என்றால் அதற்குள் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அளவு ஏறுவது வீட்டில், அதுவும் பிரசவித்த பெண்ணுக்காகக் கதவு ஜன்னல் சாத்தி இருட்டாக்கிய அறையில். அங்கே மஞ்சள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அதனால் கிளம்பும் முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: குழந்தையின் ரத்த வகை, டி.சி.டி. (குழந்தையின் சிவப்பணுவில் தாயின் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) முடிவு, பிலிருபின் (காமாலையில் ரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறப்பொருள்) அளவு எடுத்த நேரத்தோடு. 20-வது மணியில் 10 என்பதும் 90-வது மணியில் 10 என்பதும் ஒன்றல்ல, மருத்துவர் பிறந்த மணிக்கணக்கை வைத்துத்தான் முடிவெடுப்பார். மறுபரிசோதனைக்கு எந்த நாள் வர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். உங்கள் வகைக்கு வீட்டுக்குப் போன ஓரிரு நாளிலேயே தேவைப்படும்.

வீட்டில் பார்க்கும் முறை: பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம். நெற்றியில் விரலால் லேசாக அழுத்தி எடுத்தால் ரத்தம் விலகிய அந்த நொடியில் தோலின் நிறம் தெரியும். பிறகு நெஞ்சு, வயிறு, தொடை, உள்ளங்கால் என்று கீழே இறங்கிப் பாருங்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் காலை நோக்கி இறங்கும். மாநிறக் குழந்தைக்கு ஈறும் கண்ணின் வெள்ளையும் நம்பகமானவை. உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாக இருந்தால் அன்றே மருத்துவமனை. பால் குடிக்க எழுப்பினாலும் எழாத தூக்கம், கீச்சென்ற அழுகை, முதுகை வில்லாக வளைப்பது, இவை மூளையைத் தொடத் தொடங்கியதற்கான அறிகுறி. காது கேளாமையும் வாழ்நாள் முழுவதற்கான உடல் முடக்கமும் வரக்கூடும். அதற்கு இடமே கொடுக்கக் கூடாது.

காலை வெயிலில் காட்டுவது சிகிச்சை ஆகாது. வார்டில் கொடுப்பது குறிப்பிட்ட அலைநீளமுள்ள நீல ஒளி, அளந்து, நாள் முழுக்கக் கொடுப்பது. கால் மணி நேர வெயிலில் அந்த அளவு கிடைக்காது, துணியை அவிழ்ப்பதால் குழந்தை குளிர்ந்தும் போகலாம். "வெயில் காட்டிட்டுத்தான் இருக்கோம்" என்று இரண்டு நாள் தள்ளிப் போடுவதில்தான் பெரிய ஆபத்து.

பிலிருபின் மலத்தில் வெளியேறுவது. பால் குறைந்தால் மலம் குறையும், காமாலை ஏறும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை தாய்ப்பால். சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர், கழுதைப் பால் எதுவும் வேண்டாம், அவை தாய்ப்பாலின் இடத்தை அடைத்துக்கொள்ளும், தொற்றும் வரும். 5-வது நாளுக்குப் பின் ஒரு நாளில் 6 தடவையாவது சிறுநீர் போக வேண்டும். இன்னொன்று, மலம் சுண்ணாம்பு போல் வெளுத்து, காமாலை இரண்டு வாரம் தாண்டியும் நின்றால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன் இருக்கும், அதனால் மலத்தின் நிறத்தையும் பார்க்கச் சொல்லி வையுங்கள்.

மருந்துச்சீட்டு

காமாலைப் பேச்சு வந்ததால் இதையும் சேர்க்கிறேன். பீரோவிலும் தகரப் பெட்டியிலும் போடும் அந்துருண்டை, சில ஊரில் பாச்சா உருண்டை என்பார்கள், அது நாப்தலின். ஜி6பி.டி. என்ற நொதி குறைவாக உள்ள குழந்தை அதன் ஆவியை மூச்சில் இழுத்தாலோ, அந்த வாடை ஏறிய துணி தோலில் பட்டாலோ சிவப்பணுக்கள் மொத்தமாக உடையும். ஆண் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு அதிகம். குறைபாடு இருப்பது பெரும்பாலும் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

எங்கே நடக்கிறது என்றால், குழந்தைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று பெட்டியில் இருக்கும் பழைய பருத்திச் சேலையையும் வேட்டியையும் எடுத்துக் கிழிப்பார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தப் பெட்டித் துணியைத் தொடவே வேண்டாம். அன்றாடம் துவைத்துக் கட்டும் பருத்தித் துணியை எடுத்துச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காய வைத்தால் போதும். குழந்தை படுக்கும் அறையில் இருக்கும் பீரோவிலிருந்து உருண்டையைப் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள்.

கற்பூரம் வேறு பொருள், அதன் ஆபத்தும் வேறு. குழந்தை வயிற்றில் கொஞ்சம் போனாலும் வலிப்பு வரும். சளிக்குக் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நெஞ்சில் தடவுவதும், துணியில் முடிந்து தூளியில் கட்டுவதும் வேண்டாம். பெரியவர்கள் தடவும் தைலங்களையும் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்.

கொல்லிமலைத்தேன்

எல்லாவற்றையும் வேண்டாம் வேண்டாம் என்றால் பிள்ளை வளர்த்த பெரியவர்கள் மனசு நோகாதா? எண்ணெய்க் குளியல், சாம்பிராணி, வசம்பு, பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பாக வைக்கும் சேனை என்று காலங்காலமாகச் செய்து வருவதில் எதுவுமே தேறாதா?

பிரசவவார்டு

தேறும் அய்யா, நிறையத் தேறும். பிள்ளை பெற்றவளை 40 நாள் வேலை வாங்காமல் வைத்திருப்பது, பூண்டு, கருவாடு, கீரை என்று பார்த்துப் பார்த்துச் சமைப்பது, ராத்திரி குழந்தையை மாற்றி மாற்றித் தூக்குவது, இதெல்லாம் எந்த ஆஸ்பத்திரியும் தர முடியாத கவனிப்பு. உடம்புக்கு மென்மையாக எண்ணெய் தேய்ப்பதிலும் தவறில்லை.

நிறுத்த வேண்டியது சில மட்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்டது நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா வரும், அது சாதாரண மருந்துக்கு எளிதில் அடங்காது. குளிப்பாட்டும்போது வாய்க்குள் விரலை விட்டுக் கோழை எடுப்பதும் மூக்கில் ஊதுவதும் கூடாது. உரம் விழுந்துவிட்டது (தசை பிடித்துக்கொண்டது) என்று சேலையில் போட்டு உருட்டுவதும் கூடாது, இந்த வயதில் கழுத்து நிற்காது, மூளைக்குள் ரத்தம் கசியும். சேனைக்குத் தேன் வேண்டவே வேண்டாம். தேனில் இருக்கும் ஒரு நுண்ணுயிரின் வித்து ஒரு வயதுக்குக் கீழே உள்ள குடலில் முளைத்து நரம்புகளைத் தளர வைக்கும், காய்ச்சினாலும் அது சாகாது. யாராவது பெரியவர் கையால் சேனை வைக்க ஆசைப்பட்டால் தாய்ப்பாலையே ஒரு சொட்டு உதட்டில் வைக்கட்டும். வசம்பை வாயில் உரைத்து ஊற்ற வேண்டாம். கண்மையில் ஈயம் இருக்கலாம், கண்ணுக்குள் தீட்ட வேண்டாம். சாம்பிராணியைத் தாய் தன் தலையை உலர்த்த வெளி வராந்தாவில் போட்டுக்கொள்ளட்டும், குழந்தை இருக்கும் மூடிய அறையில் கூடாது. தொப்புளில் மஞ்சளோ சாம்பலோ வைக்காமல் உலர விட்டால் ஓரிரு வாரத்தில் தானாக விழும்.

பத்தியத்தில் ஒன்றே ஒன்று: தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீங்க. தாகத்துக்கு ஏற்பக் குடிக்க வேண்டும்.

தம்பிக்கு ஒரு யோசனை. இதையெல்லாம் மாப்பிள்ளையாக நீங்கள் போய் அத்தையிடம் சொன்னால் வருத்தம்தான் வரும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் செவிலியர் பேசும்போது அத்தையைப் பக்கத்தில் நிற்க வையுங்க. கேள்விகளை அவரையே கேட்கச் சொல்லுங்க. எங்கள் வாயால் கேட்டுவிட்டால் வீட்டில் அவரே காவல் இருப்பார்.

கொல்லிமலைத்தேன்

சேனைக்குத் தாய்ப்பால் என்பது நல்ல யோசனை. ஏற்கிறேன்.

உத்தரக்கட்டை

கட்டட வேலைக்காரன் என்ற முறையில் தூளி பற்றி மட்டும்.

முதலில் தூக்கத்தின் விதி: மல்லாக்க, தட்டையான, அழுத்தினால் பள்ளம் விழாத படுக்கை, தலையணை இல்லை, முகத்தருகே துணி இல்லை. கோரைப்பாயின் மேல் நாலாக மடித்த பருத்திப் போர்வை இதற்குச் சரியாகப் பொருந்தும். தாய் படுக்கும் அறையில், தனிப் படுக்கையில்.

தூளியில் குழந்தை வளைந்து படுக்கிறது. தாடை நெஞ்சில் ஒட்டினால் மூச்சுக்குழல் மடங்கும், சேலை இரு பக்கமும் மூக்கின் மேல் கூடும். சத்தமே வராது. அதனால் முதல் மாதங்களில் தூளியில் தூங்க விடக் கூடாது. அழுகையை அடக்க ஆட்டுவதானால், ஒருவர் முகத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே இருக்க வேண்டும். கண் சொருகியதும் எடுத்துப் பாயில் போட வேண்டும்.

எப்படியும் கட்டுவோம் என்றால் கட்டும் முறையாவது சரியாக இருக்கட்டும். தொட்டில் கம்பு இல்லாமல் கட்டவே கூடாது, கம்புதான் சேலையை விரித்து வாயைத் திறந்து வைக்கிறது. கொக்கியை உத்தரத்திலோ கான்கிரீட் தளத்தில் வார்த்த வளையத்திலோ மாட்டுங்கள். ஜன்னல் கம்பி, ஓட்டு வீட்டுச் சட்டம், பிளாஸ்டர் மேல் அடித்த திருகாணி எதுவும் வேண்டாம். கட்டியதும் 25 கிலோ அரிசி மூட்டையைப் போட்டுப் பத்து நிமிடம் ஆட்டிப் பாருங்கள். கொக்கி வாயின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், கயிறு உராய்ந்து அறுவது அந்த இடத்தில்தான். தூளியின் அடி தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் வேண்டாம், கீழே கனமான ஜமக்காளம். ஸ்பிரிங் தொட்டிலில் ஸ்பிரிங்கோடு இணையாகப் பாதுகாப்புக் கயிறு ஒன்று தளர்வாக ஓட வேண்டும், ஸ்பிரிங் முறிந்தால் அதுதான் தாங்கும். குழந்தை கழுத்தில் கறுப்புக் கயிறு, தாயத்து போடாமல் இடுப்பில் கட்டச் சொல்லுங்கள்.

தறிச்சத்தம்

அங்கே ஸ்பிரிங் தொட்டில் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புக் கயிறு இருக்கிறதா என்று வரும் ஞாயிறு பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: ஆபத்து அறிகுறிகளைச் சுருக்கமாக எழுதி அந்த வீட்டுச் சுவரில் ஒட்டலாம் என்றிருக்கிறேன். எண்களோடு சொல்ல முடியுமா?

கிராமசெவிலி

ஒரே தாளில் இரண்டு பாதியாக எழுதுங்க.

பிரசவத்துக்கு முன்: பி.பி. மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90 தொட்டால் அன்றே டாக்டர், 160/110 என்றால் உடனே 108. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் வீங்குவது ஆகியவை பி.பி. அளக்காமலே கிளம்ப வேண்டிய அறிகுறிகள். நீர்க்குடம் உடைவது, எந்த அளவு ரத்தமும். துடிப்பு குறைந்ததாகத் தோன்றினால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணச் சொல்லுங்க, 2 மணி நேரத்தில் 10 அசைவு வரவில்லை என்றால் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. எங்களிடம் வாராவாரம் பி.பி. பார்த்துக்கொள்ளலாம்.

பிறந்த பின் தாய்க்கு: ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், காய்ச்சல் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால். தலைவலியும் கண் மங்கலும் பிரசவத்துக்குப் பின்னும் வரும், அதையும் எழுதுங்க. இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, குழந்தை மேல் ஒட்டுதல் இல்லாமை இருந்தால் அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டிய நோய்தான். இதைப் போனில் பேசும்போது நீங்கள்தான் முதலில் கண்டுபிடிப்பீங்க.

குழந்தைக்கு: அக்குளில் வைத்த தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலோ, தொட்டுப் பார்க்க உடம்பு சில்லென்று இருந்தாலோ. முதல் மூன்று மாதத்தில் காய்ச்சலுக்கு வீட்டு மருந்து கிடையாது, நேரே ஆஸ்பத்திரி. மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும், குழந்தை அமைதியாக இருக்கும்போது. 60-ஐத் தொட்டால் மறுபடி ஒருமுறை எண்ணுங்க, அப்போதும் அப்படியே என்றால் கிளம்ப வேண்டும். விலா உள்ளே இழுப்பது, பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, தொட்டால் மட்டும் அசைவது.

ஒட்டும் தாளின் அடியில் 108-க்குச் சொல்ல வேண்டிய அடையாளத்தையும் எழுதுங்க: ஊர், தெரு, பக்கத்துக் கோயில் அல்லது ரேஷன் கடை, எந்த வழியில் வண்டி நுழையும். பதற்றத்தில் சொந்த வீட்டு முகவரியே வாயில் வராது. பிரசவத்துக்கு ஆத்தூர் அரசு மருத்துவமனையைப் பார்க்கிறீங்களா, தனியாரைப் பார்க்கிறீங்களா என்பது உங்கள் முடிவு. ஆனால் அங்கே இரவில் அறுவை சிகிச்சைக்கு மயக்க மருத்துவர் வருவாரா, ஒளி சிகிச்சை இருக்கிறதா, ரத்தம் எங்கிருந்து வரும் என்று மூன்றையும் கேளுங்க. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்கிருந்து சுமார் 50 கி.மீ., அந்தத் தூரத்தைக் கணக்கில் வைத்துத்தான் முடிவெடுக்கணும்.

அரசு மருத்துவமனை என்றால் வீடு திரும்ப 102 வாகனம் இலவசம். பச்சைக் குழந்தையை மடியில் வைத்து டூவீலரில் கூட்டி வராதீங்க. கிளம்பும் முன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி, வைட்டமின் கே ஊசி நான்கும் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்க. அடுத்த ஊசி 6-வது வாரம்.

ஐ.சி.டி. முடிவு வந்ததும் இங்கேயே போடுங்க தம்பி. பாசிட்டிவ் என்றால் எந்த ஆஸ்பத்திரி என்பதையே முதலில் இருந்து யோசிக்கணும்.